ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் பிரஷர் பார்த்த கதை

என் வீட்டுக்காரருக்கு மெடிக்கல் வருகிறது என்றால் எங்கள் வீட்டில் கருவாட்டுக்குத் தடை. ஊறுகாய்க்குத் தடை. அப்பளத்துக்குத் தடை. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை என் வாய்க்கு.

அவர் கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்கு பிரைவேட் பஸ் ஓட்டுகிறார். பஸ், லொறி ஓட்டுகிறவர்கள் லைசன் புதுப்பிக்கும் காலம் வந்தால் முதலில் வைத்தியப் பரிசோதனைக்குப் போக வேண்டும். கண் பார்ப்பார்கள், காது பார்ப்பார்கள், சீனி பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள். இது எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் பக்கத்தில் மெடிக்கல் என்று பெயர். கண்ணிலும் காதிலும் இவருக்கு ஒரு குறையும் இல்லை. குசினி அடுப்படியில் நின்று நான் இவரைப் பற்றி அடுத்த வீட்டு அக்காவிடம் மெதுவாகச் சொல்வதுகூட முன் அறையில் இருக்கும் இவருக்குக் கேட்டுவிடும். பயமெல்லாம் பிரஷரில்தான். அதில் விழுந்தால் லைசன் இல்லை, லைசன் இல்லாவிட்டால் பஸ் இல்லை. பஸ் இல்லாவிட்டால் இவர் வீட்டில் இருப்பார். அதை நினைத்தால் எனக்கும் பயம்தான்.

இதற்காக பஸ் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ‘மெடிக்கலுக்குக் கிடப்பது’ என்று சொல்வார்கள். மெடிக்கலுக்கு ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், இருக்கும்போதே பஸ்ஸை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் வந்து படுத்துவிட வேண்டும். உப்பில்லாத சோறு, அகத்திக்கீரை, வெள்ளைப்பூண்டு, தேசிக்காய்த் தண்ணீர். பகலில் தூக்கம், இரவிலும் தூக்கம். வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது, கடன்காரன் வரக்கூடாது, சொந்தக்காரர் வரக்கூடாது. யாருக்காவது மெடிக்கல் வந்தால் மற்ற டிரைவர்மார் முறைவைத்து அவருடைய பஸ்ஸை ஓட்டிக் கொடுப்பார்கள். அந்த ஒற்றுமையை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். ரோட்டில் ஒருவரை ஒருவர் முந்துவதற்கு உயிரைக் கொடுக்கிற ஆட்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் தம்பிகள்.

இவர் இந்தக் கலையில் பெரிய ஆள். புதிதாக வருகிறவர்கள் இவரிடம்தான் யோசனை கேட்பார்கள். போனில் சொல்லிக்கொண்டிருப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

"பூண்ட பச்சையா தின்னாத, வயிறு எரியும். சுட்டுத் தின்னு. சம்சாரத்த அவுங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிரு. அதான் முக்கியம்."

அதான் முக்கியமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அது மெடிக்கல் கிழமை, வாயைத் திறக்க முடியாது. பிள்ளை பெற்றவளைப் போலப் போர்த்திக்கொண்டு இவர் கட்டிலில் கிடக்க, நான் வேலைக்கும் போய், வந்து உப்பில்லாமல் சமைத்து, கதவைச் சத்தம் வராமல் சாத்தி, நாங்கள் குடியிருக்கும் மஹய்யாவ முழுக்க எங்கள் வீட்டில் யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று நினைக்கும்படி நடந்துகொண்டேன்.

போன முறையும் பாஸ். வந்து சட்டையைக் கழற்றும்போதே கேட்ட முதல் கேள்வி, "நெத்தலிக் கருவாடு இருக்கா?"

பிரஷர் பார்க்கும் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். நான் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒருநாள் ஊழியர்களுக்கு பிரஷர் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், அந்தக் குழாயின் முனையில் கையில் சுற்றும் பட்டி. பொத்தானை அழுத்தினால் பட்டி தானாக ஊதி, கையை நெரித்து, பிறகு மெல்லத் தளர்ந்து, பெட்டியில் எண் வருகிறது. பக்கத்தில் ஒரு கோடும் இருக்கிறது, நல்லதென்றால் பச்சை, கொஞ்சம் கூடினால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. எதையாவது ஒருமுறை பார்த்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று நோண்டாமல் இருக்க முடியாது. ரேடியோவைப் பிரித்து அடி வாங்கியிருக்கிறேன். அந்தக் கிழமையே பாமசிக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்துவிட்டேன்.

"சும்மா இருக்குற சங்க எதுக்கு ஊதுற?" என்றார் இவர்.

"ஒங்களுக்கு இல்ல, எனக்கு" என்றேன்.

உண்மையாகவே எனக்குத்தான். முதல் நாள் என் கையில் கட்டிப் பார்த்தேன், பச்சை. படி ஏறி வந்து பார்த்தேன், கூடியது. தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தேன், கூடியது. காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு பார்த்தேன், அதற்கும் கொஞ்சம் கூடியது! மூத்திரத்தை அடக்கிக்கொண்டு பார்த்தேன், போய்விட்டு வந்து பார்த்தேன், இறங்கியிருந்தது. பேசாமல் இருந்தால் ஓர் எண், பேசினால் வேறொன்று. ஒருநாள் பட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே என் நாத்தனார் போன் எடுத்தார். ஒரு கையில் போன், மறு கையில் பட்டி. அவர் சுகம் விசாரித்து முடிப்பதற்குள் கோடு மஞ்சளுக்குப் போய்விட்டது. அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. இவ்வளவு நாளும் நான் வாயால் சொன்னால் நம்பாத விஷயத்தை ஒரு பெட்டி எண் போட்டுக் காட்டுகிறது!

பிறகு அக்கம்பக்கம். அடுத்த வீட்டு அக்கா கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னா இப்புடி இறுக்குது? ரத்தத்த உறிஞ்சிறாதே?"

"பேசாதீங்கக்கா, பேசினா கூடும்."

"பேசாம எப்புடி இருக்குறது?" என்று கேட்டு முடிக்கும்போதே மஞ்சள் வந்துவிட்டது.

மரக்கறி விற்க வருகிறவர், மீற்றர் பார்க்க வருகிறவர், ஒருவரையும் விடவில்லை. ஒரே மனிதருக்கு ஒரே நாளில் இத்தனை பிரஷரா என்று எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. நான் அதுவரை நினைத்திருந்தது வேறு. உயரம் போல, பிரஷரும் ஆளுக்கு ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இது உயரம் இல்லை. குடத்துத் தண்ணீர் மாதிரி, ஆடினால் ஆடுகிறது.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு கிழமை படுத்துக் கிடந்து எழும்பிப் போன மனிதரின் பிரஷரை அங்கே பார்த்தார்கள், சரி. அந்த மனிதர் பஸ் ஓட்டுவதில்லையே. கருவாடு தின்றுவிட்டு, விடிய முன் எழும்பி, பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆள் போய்விடும் என்று அடித்துப் பிடித்து மலை ஏறுகிறாரே, அந்த மனிதரின் பிரஷரை யார் பார்த்தது?

இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவரின் கையைப் பிடித்துக் கட்டினேன். மஞ்சள்தான், அதுவும் தொட்டும் தொடாமலும்.

"பாத்தியா?" என்றார், ஏதோ நான் அவரைத் திருடன் என்று சொல்லி, அவர் இல்லையென்று நிரூபித்தது போல.

"இது கதிரையில இருக்குறப்ப. ஓட்டுறப்ப பாக்கணும்."

"ஓட்டுறப்ப கையில கட்டிக்கிட்டு ஓட்டச் சொல்றியா? வேற வேல இல்ல ஒனக்கு?"

எனக்கு வேறு வேலை இருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு அவருடைய பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

டிரைவர்மார் பெண்சாதிகளைத் தங்கள் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். கவனம் கலையும் என்பார்கள், டயர் போகும் என்பார்கள். இத்தனை வருஷத்தில் நான் இவருடைய பஸ்ஸில் போனதை விரல்விட்டு எண்ணலாம். என்னைக் கண்டதும் முகம் சுருங்கியது. கொண்டக்டர் நானாதான் சிரித்துக்கொண்டு இடம் பிடித்துக் கொடுத்தார். அவர் இவரைவிட மூத்தவர், இவரோடு எத்தனையோ வருஷமாக ஓடுகிறவர், முஸ்லிம் ஆள் என்பதால் அண்ணன் என்பதற்கு நான் நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

"இங்க இரிங்க தங்கச்சி. இங்கேந்து பார்த்தா எல்லாம் தெரியும்."

எல்லாம் தெரிந்தது. வீட்டில் வாய் திறக்காத மனிதர் இவர். கேட்டால் பதில், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. இங்கே வேறொருவர் உட்கார்ந்திருந்தார். ஸ்டாண்டில் பஸ்களுக்கு நேரம் பார்க்கிறவனோடு சண்டை. முன்னால் திரும்பிய முச்சக்கரவண்டிக்காரனின் பரம்பரைக்கே ஏச்சு. கண்ணாடியில் பின்பஸ் தெரிந்துவிட்டால் தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறிவிடுகிறது. திகன ஊரைத் தாண்டுமட்டும் ஆள் ஏற்றுவதில் போட்டி. தெல்தெனிய கழிந்து மலை ஏறத் தொடங்கியதும் போட்டி நின்று, வளைவுகள் தொடங்கின. ஒரு பக்கம் மண், ஒரு பக்கம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத பக்கத்தில், அடியில், நீர்த்தேக்கம் பளபளவென்று கிடந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நான் அதை அதிகம் பார்க்கவில்லை, இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவு முடிந்து கொஞ்சம் நேர் ரோடு கிடைக்கும்போதும் இடது கையை எடுத்துப் பின்னங்கழுத்தை அமுக்கினார். மீண்டும் வளைவு, கை ஸ்டியரிங்குக்கு. நேர் ரோடு, கை கழுத்துக்கு. ஒருமுறை தலையை ஒரு உதறு உதறிவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பனி இறங்கியிருந்தது உண்மைதான். ஆனால் எனக்கு ரோடு நன்றாகத் தெரிந்தது.

"நானா, இவருக்கு எப்பவும் இப்புடியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஏறக்குள்ள தலை இழுக்குதுன்னு செல்லுவார். மேல போய் தைலம் பூசினா செரி. பயப்புடாதீங்க, எப்பவும் ஈக்குறதுதான்."

எப்பவும் இருக்கிறதாம். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கோபம் வந்ததா பயம் வந்ததா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஹுன்னஸ்கிரியவில் ஆட்கள் இறங்கி முடிந்ததும் இவர் சீற்றிலேயே சாய்ந்து தைலப் போத்தலைத் திறந்தார். நான் பெட்டியைத் திறந்தேன். முடியாது என்றார். நானா வந்து, "குடுங்களேன் கைய, இதென்ன ஊசியா?" என்று சொல்லிய பிறகுதான் கையை நீட்டினார். பட்டி ஊதியது, ஊதியது, நின்று, போதாமல் மறுபடியும் ஊதியது. என் வீட்டில் யாருக்கும் அது அப்படி இரண்டாம் முறை ஊதி நான் பார்த்ததில்லை. கோடு சிவப்பில் போய் நின்றது. மேல் எண் இருநூறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒன் பெட்டி பிழை" என்றார்.

நானாவின் கையில் கட்டினேன், பச்சை. மனிதர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். என் கையில் கட்டினேன், மஞ்சள். அன்றைக்கு நான் இருந்த இருப்பில் மஞ்சளோடு நின்றதே பெரிய காரியம். நான் வீட்டில் கற்ற வித்தை எல்லாவற்றையும் இவரிடம் செய்து பார்த்தேன். மூத்திரத்துக்குச் சலகூடம் போய் வரச் சொன்னேன், போனார். தேத்தண்ணீரை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தேன். சாய்ந்து, காலை நேராக வைத்து, வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னேன், இருந்தார். அதை மட்டும் நன்றாகச் செய்வார். பிறகு மறுபடி கட்டினேன். எண் கொஞ்சம் இறங்கியது. கோடு சிவப்பை விட்டு இறங்கவில்லை.

"கிளினிக்குக்குப் போவோங்க. நாளைக்கே."

"போனா குளிசை தருவாங்க."

"தரட்டும், குடிங்க."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. குளிசை குடிச்சா பிரஷர்காரன்னு பேரு எழுதிருவாங்க. அடுத்த மெடிக்கல்ல அத வச்சே லைசன வெட்டிருவாங்க. எங்க ஸ்டாண்டுல எவன் குளிசை குடிக்கிறான்? கேட்டுப் பாரு."

இதுதான் அவர்களுடைய கணக்கு. பிரஷர் இருந்தால் பயமில்லை, மருந்து குடிப்பது தெரிந்தால்தான் பயம். அதனால் மெடிக்கலுக்கு ஒரு கிழமை கிடந்து பச்சையாகிப் போய்விட்டு, மிச்ச நாளெல்லாம் சிவப்போடு மலையேறுகிறார்கள். யார் இதைக் கண்டுபிடித்தது, யாரிடம் கேட்டார்கள், அப்படி எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். இவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் சொல்கிறார்கள் என்றார்.

"தலை இழுக்குதுன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"அது பனிக்கு."

"கண்ணு மங்குறதும் பனிக்கா?"

தைலப் போத்தலை இறுக்கி மூடினார். பிறகு, "இந்தா பாரு. கவர்மெண்டு டாக்டர் பாத்து நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கு. கவர்மெண்டு பெரிசா, ஒன் பெட்டி பெரிசா?" என்றார்.

"அந்த டாக்டர் பாத்தது கட்டில்ல கெடந்த ஆள. நான் பாத்தது ஒங்கள" என்றேன்.

அதற்குள் திரும்பிப் போகும் நேரம் வந்துவிட்டது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். தோட்டத்துப் பெண்கள் பையும் கூடையுமாக, இரண்டு மாணவிகள், கைப்பிள்ளையோடு ஒரு சிங்களப் பெண், அவளுடைய அம்மா. பஸ் நிறைந்துவிட்டது. கீழே நின்றவன் எடு எடு என்று பஸ்ஸைத் தட்டினான். இவர் ஸ்டார்ட் பண்ணினார்.

நான் இறங்கிவிட்டேன்.

யோசித்து இறங்கவில்லை. அந்தச் சிவப்புக் கோட்டோடு இவர் இந்த வளைவுகளை இறங்கப் போகிறார், நான் பின்னால் உட்கார்ந்து அந்தக் கை கழுத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்று நினைத்ததும் கால் தானாக இறங்கிவிட்டது.

"என்னா? ஏறு!" என்றார் ஜன்னலால்.

"கிளினிக்குக்கு வர்றேன்னு சொல்லுங்க, ஏறுறேன். கீழ போன் போட்டு வேற டிரைவர் ஒருத்தர வரச் சொல்லுங்க, ஏறுறேன்."

"பைத்தியமா ஒனக்கு? இத்தன பேரு பாக்குறாங்க."

"பாக்கட்டும். ஒங்க பஸ்ல நான் வரமாட்டேன்."

தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தெரியாதவர்கள் புருஷன் பெண்சாதி சண்டை என்று சிரித்தார்கள். இவருடைய முகம் கறுத்துவிட்டது. நானா ஏதோ சொல்ல வாயெடுக்க, இவர் கியரைப் போட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டார். பஸ்ஸின் பின்பக்கம் முதல் வளைவில் திரும்பி மறைந்தது.

பனியில் நின்றபோது கோபம் கொஞ்ச நேரம்தான் நின்றது. கைப்பிள்ளைக்காரி ஜன்னலோரம் இருந்தாள். அந்த மாணவிகள் ஒரே போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது, நான் இறங்கினேன். அவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் யாரும் பெட்டியைக் காட்டவில்லை. ஐயோ கடவுளே, நான் இவரோடு ரோசத்தில் சண்டை பிடித்து, இவருக்கு பிரஷரை இன்னும் ஏற்றிவிட்டல்லவா அனுப்பியிருக்கிறேன்! நாத்தனாரின் ஒரு போனுக்கே எனக்கு மஞ்சளுக்குப் போனது. இத்தனை பேர் முன்னால் பெண்சாதி இறங்கிப் போன மனிதருக்கு எவ்வளவு ஏறியிருக்கும்? நானாவுக்குப் போன் எடுத்தேன். கிடைக்கவில்லை. மறுபடி எடுத்தேன். அந்த மலையில் எந்த வளைவில் சிக்னல் இருக்கும், எதில் இருக்காது என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த பஸ் வந்ததும் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். அந்த டிரைவர் இவருக்குத் தெரிந்தவர், வயதில் இளையவர்.

"என்னக்கா, அண்ணன் பஸ்ல போகலயா?"

"கடைக்குப் போய் வர்றதுக்குள்ள போயிட்டாரு" என்றேன்.

"அண்ணன் அப்புடித்தான், நேரம்னா நேரம்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ரோட்டோரக் கட்டைப் பார்த்தேன். உடைந்திருக்கிறதா, டயர் தடம் இருக்கிறதா, ஆட்கள் கூட்டமாக நின்று கீழே எட்டிப் பார்க்கிறார்களா. ஒன்றும் இல்லை. அடுத்த வளைவு. ஒன்றும் இல்லை. சாமி கும்பிட எனக்கு வார்த்தை வரவில்லை. எறங்கிருங்க, நிறுத்திருங்க, எறங்கிருங்க, நிறுத்திருங்க என்று மனதுக்குள் இவரிடம் பேசிக்கொண்டே வந்தேன்.

தெல்தெனியவுக்கு மேலே ரோடு கொஞ்சம் அகலமாகும் ஓர் இடத்தில் கூட்டம் நின்றது. நான் சீற்றை விட்டு எழும்பிவிட்டேன். பிறகுதான் பஸ்ஸைக் கண்டேன். முழு பஸ். கண்ணாடிகூட உடையாமல், ஓரம் கட்டி, டயருக்குக் கல் வைத்து நின்றது. ஆட்கள் ரோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நானா கையை நீட்டி நான் வந்த பஸ்ஸை மறித்து, அவர்களை இதில் ஏற்றத் தொடங்கினார்.

இவர் மதகின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப் போய் முன்னால் நின்றேன். அடிக்கவா கட்டிப் பிடிக்கவா என்று தெரியாமல் நின்றேன். இரண்டையும் ரோட்டில் செய்ய முடியாது.

"ஏன் நின்னீங்க? என்ன செஞ்சிச்சு?"

"ஒண்ணும் செய்யல." கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ எறங்கினப்பறம் கண்ணாடியில பாத்தேன். அந்தப் புள்ளக்காரி புள்ளைய மடியில போட்டுக்கிட்டுத் தூங்குறா. என்னைய நம்பித் தூங்குறா. பொஞ்சாதி நம்பாம எறங்கிட்டா, ஊரான் வீட்டுப் புள்ள நம்பித் தூங்குது. அதுக்கு மேல எனக்கு ஓட்ட வரல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குப் பக்கத்தில் மதகில் உட்கார்ந்து அழுதேன். பெட்டியை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் யாருக்குச் சிவப்பு வந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாசிக்கிறவர்களுக்கு அதே யோசனையாக இருக்கும். மறுநாள் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிங்களத்தில் நன்றாக ஏசினார். குளிசை குடித்துப் பிரஷரைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓட்டலாம், அதைக் கடிதத்தில் எழுதித் தரத்தான் நாங்கள் இருக்கிறோம், மறைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் பிழை என்றார். இவர் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். சில கிழமை வீட்டில் இருந்தார். இந்த முறை கட்டிலில் கிடக்கவில்லை, நடந்தார், குளிசை குடித்தார், மாற்றித் தந்ததையும் குடித்தார். மறுபடி பஸ் எடுத்த பிறகும் மேலே போய்ச் சேர்ந்ததும் நானா பெட்டியைக் கட்டி எனக்குப் போனில் சொன்னார், பெரும்பாலும் பச்சை, சில நாள் மஞ்சள். கருவாடு என்றைக்காவது ஒருநாள்.

ஆனால் எனக்கு மறக்காதது அன்று கீழே இறங்கிய பயணம்தான். வேறு டிரைவர் வரும்வரை நானா பஸ்ஸோடு நின்றுகொண்டார். நாங்கள் இருவரும் நான் வந்த அந்தப் பஸ்ஸிலேயே ஏறி, முன் சீற்றில் ஒட்டி உட்கார்ந்தோம். இவர் பயணியாகப் போய் நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தார். எனக்கு இப்போது சிரிப்பு வந்தது. பயம் போன பிறகு வருகிற அந்த அர்த்தமில்லாத சிரிப்பு.

"சும்மா வாங்க. அவரு நல்லாத்தானே ஓட்டுறாரு" என்றேன்.

இவர் சிரிக்கவில்லை. முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதுக்குக் கிட்டே குனிந்தார்.

"போன மாசந்தான் இவன் மெடிக்கலுக்குக் கெடந்தான்."

"பாஸா?"

"பாஸ்" என்றார். "எப்புடிக் கெடக்குறதுன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

பஸ் அடுத்த வளைவுக்குத் திரும்பியது. பின்னால் அந்தக் கைப்பிள்ளை விழித்து அழத் தொடங்கியது. நாங்கள் இருவரும் முன்னால் இருந்த கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம்.